கல், நாயி, பால், தியா

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குள் உபைத்தைத் துரத்திய நாய்களின் எண்ணிக்கை மூன்றாகிவிட்டது.

அரியலூருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வாசலிலிருந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, ஆம்னி வேனுக்குள் விழுந்தான். கதவை இழுத்துச் சாத்தினான். நாய் கண்ணாடிக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது.

"இதுவும் நாம தேடுற நாயி இல்லக்கா."

"எப்படிச் சொல்ற?"

"விசாரிச்சேன். கோவப்படுது."

பரிமளா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். முந்தானையிலும் சுண்ணாம்புத் தூசிதான். கண்ணாடி முன்னைவிட மங்கியது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு விதைக்கடையின் மாடியில் பன்னிரண்டு வருடமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள் பரிமளா. வரும் வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்பது. பையன் குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, ஏற்கெனவே ஒரு தாலி கட்டியிருக்கிறானா. காணாமல் போன புருஷனைத் தேடித் தரச் சொல்லி வருகிறவர்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர். உபைத் லப்பைக்குடிக்காட்டுக்காரன். சவுதியின் தம்மாமில் ஒன்பது வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவன். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், வாய் ஓயாத வானொலி எல்லாம் அவன்தான்.

வேனின் டேஷ்போர்டில் அந்தத் தாள் கிடந்தது. தினசரி நாட்காட்டியில் கிழித்த வியாழக்கிழமைத் தாள். பின்பக்கம் நீல மையில் நான்கு வார்த்தைகள்.

கல். நாயி. பால். தியா.

நேற்று இந்தத் தாளோடு மஞ்சு வந்தாள். குன்னம் பக்கத்துப் பெண், வயது இருபத்தாறு, ஏழு மாதக் கர்ப்பிணி. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும் முன்பே பேச ஆரம்பித்தாள்.

"எங்க வூட்டுக்காரரு சார்க்கண்டுக்காரரு மேடம். பேரு சுக்ராம். மூணு வருஷம் முன்னாடி ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டோம். நல்லாத்தான் இருந்தாரு. பத்து நாளா ஒரு மாதிரி ஆயிட்டாரு. கேட்டா பதில் இல்ல. செவ்வாக்கெழம போனவரு திரும்பல."

அவளுடைய போன் ரிப்பேருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியின் போனில் சுக்ராம் கூப்பிட்டிருக்கிறான். சிக்னல் விட்டு விட்டு வந்திருக்கிறது. அழுதிருக்கிறான். நடுவில் காதில் விழுந்த நான்கு வார்த்தைகளைப் புஷ்பவல்லி எழுதி வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது.

"அந்த தியா எவளுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்," என்றாள் மஞ்சு. "மீதிய நான் பாத்துக்கிறேன்."

கல் என்றால் சுரங்கம். நாய் என்றால் அதன் காவல். பால் என்றால் அருகில் ஒரு பால் சொசைட்டி. தியா என்றால் அங்கே வேலை பார்க்கும் பெண். கணக்கு கச்சிதமாக இருந்தது. ஆகவே வெள்ளி முழுவதும், சனிக்கிழமை பாதியும் இருவரும் கல்லும் நாயும் பாலும் சேர்ந்திருக்கும் இடத்தைத் தேடினார்கள். அரியலூர் வட்டாரத்தில் அப்படி இல்லாத இடம்தான் குறைவு. இதுவரை கிடைத்த ஒரே தியாவுக்கு வயது இரண்டே கால். ஒரு பால் சொசைட்டிச் செயலாளரின் பேத்தி. உபைத்தின் கையிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"இப்ப இங்க உள்ள என்ன ஆச்சு?" என்று உபைத் கேட்டான்.

சுக்ராம் வேலை பார்த்தது இதே சுரங்கத்தில்தான், ஒரு காண்டிராக்டரிடம். நாய் உபைத்தைக் கவனித்துக்கொண்ட நேரத்தில் பரிமளா உள்ளே போய் மேற்பார்வையாளர் முருகையனைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரு வேலை பாத்தாங்களாம். தம்பி பிர்ஜூ போன வாரமே லீவு போட்டு ஊருக்கு ரயிலேறிட்டானாம். அண்ணனும் பின்னாடியே ஓடியிருப்பான்கிறாரு. வடக்கத்திக்காரங்க சொல்லாம கொள்ளாம போயிடுவாங்களாம்."

"பொண்டாட்டி ஏழு மாசம்."

"அதையும் சொன்னேன். அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'அவன் போன் பண்ணானா, என்ன சொன்னான்?' இதையே ரெண்டு தடவ கேட்டாரு. ஆளு நல்லா இருக்கானான்னு ஒரு தடவகூடக் கேக்கல."

உபைத் வண்டியைக் கிளப்பினான். முன்னால் ஒரு சிமெண்டு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அதை முந்தினால் இன்னொரு லாரி. பரிமளாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. நாலே நாலு வார்த்தை, ஒரு குழந்தைகூடப் படித்துவிடும் வார்த்தை. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக ஊர் சுற்றுகிறோம் என்ற எண்ணம் அவளைத் தின்றது.

"ஏதாவது பேசு உபைத். எரிச்சலா இருக்கு."

"தம்மாம் போன மொத வாரம்க்கா. குடோன்ல நிக்கிறேன். சூப்பர்வைசர் ஓடி வந்து 'நார்! நார்!'னு கத்துறான். எதையோ கட்டணும் போலன்னு நானும் கயிறு நாரு தேடி எடுத்துக்கிட்டு ஓடுறேன். எல்லாரும் எதிர்த்தாப்புல ஓடி வர்றாங்க. அரபில நார்னா நெருப்பாம். தீப்புடிச்ச குடோனுக்குள்ள கயிறோட போன ஒரே ஆளு நான்தான்."

பரிமளா பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள். தாளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"உபைத், ஒன்னோட ஊர்ல கல்ல எப்படிச் சொல்லுவ?"

"கல்லுன்னுதான்."

"பால?"

"பாலு."

"நாய?"

"நாயி."

"அந்தப் புஷ்பவல்லி நாயின்னு பேச்சுல வர்ற மாதிரியே எழுதியிருக்கா. ஆனா கல்லுன்னு எழுதல. பாலுன்னும் எழுதல. ரெண்டையும் புஸ்தகத்துல இருக்கிற மாதிரி எழுதியிருக்கா. ஒரே தாள்ல ஏன் ரெண்டு விதமா எழுதணும்?"

உபைத் லாரியை முந்துவதை விட்டுவிட்டு ஓரமாக நிறுத்தினான்.

"வண்டிய குன்னத்துக்கு விடு," என்றாள் பரிமளா.

புஷ்பவல்லி தையல்காரி. வாசல் அறையில் மெஷின் முன்னால், வாயில் குண்டூசியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே முகம் வீங்கிப்போய் மஞ்சு இருந்தாள். பரிமளா கேள்வியைக் கேட்டதும் புஷ்பவல்லி ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுக் கோபமாகப் பார்த்தாள்.

"நான் அளவு எழுதுறவ மேடம். சொன்னதச் சொன்னபடி எழுதலைன்னா ரவிக்கை தோளுல நிக்காது. அவரு கல்லுன்னு சொல்லல. கல்-னுதான் சொன்னாரு. அப்படியே எழுதினேன்."

"பால்-னு சொன்னாரே, அதுல முதல் எழுத்து எப்படி இருந்துச்சு? பாப்பான்னு சொல்றப்ப வர்ற மாதிரியா, பஸ்ஸுன்னு சொல்றப்ப வர்ற மாதிரியா?"

புஷ்பவல்லி உதட்டை அசைத்து இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தாள்.

"பஸ்ஸு மாதிரிதான். அழுத்தமா இருந்துச்சு. ஆனா நம்ம எழுத்துல ப ஒண்ணுதானே இருக்கு? நான் என்ன பண்ணுவேன்?"

"தமிழ்லதான் பேசினாரா?"

"என்கிட்ட எப்பவும் தமிழ்தான். அன்னிக்கும் 'அக்கா'ன்னுதான் ஆரம்பிச்சாரு. அப்புறம் அழுக வந்துருச்சு…" அவள் நிறுத்தினாள். "அழுவுறப்ப தமிழா இருந்துச்சான்னு இப்பக் கேட்டா, தெரியலயே."

பரிமளா உபைத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"என்னைச் செருப்பால அடிங்கக்கா. இந்தி! தம்மாம்ல எங்க ரூம் பக்கத்துலயே ஒரு பீகாரு நாயி இருந்தாரு. நாயின்னா முடி வெட்டுறவரு. பால்னா, அந்த பஸ்ஸு பா போட்டா, முடி. கல்னா நாளைக்கு. தியான்னா… குடுக்கிறது."

"அப்ப தியா பொம்பள இல்லியா?" என்று மஞ்சு எழுந்தாள்.

"பொம்பள இல்லம்மா," என்றாள் பரிமளா. "வினைச்சொல்லு."

மஞ்சு மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு நாளாக ஒரு வினைச்சொல்லைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். முகத்தில் நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அப்ப எதுக்கு மேடம் வூட்டுக்கு வரல?"

அதற்குப் பரிமளாவிடம் ஒரு பதில் தயாராகிக்கொண்டிருந்தது. நாளைக்கு முடி வெட்டப் போகிறேன் என்று ஒருவன் போன் செய்து அழ மாட்டான். சுக்ராமின் போட்டோவில் சுருள் முடி, அடர்த்தியான மீசை. அதை எடுத்துவிட்டால் அடையாளம் மாறிவிடும். யாருக்கோ பயந்து வேஷம் மாற்றப் போகிறான். அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற முருகையனுக்குத்தான் பயப்படுகிறான்.

"வியாழக்கிழம நாளைக்குன்னு சொன்னா வெள்ளிக்கிழம. நேத்து. அரியலூர்ல இந்திக்காரங்க முடி வெட்டுற கடை எத்தன இருக்கும்?"

"ஸ்டேஷன் பக்கம் நாலஞ்சு இருக்கும்க்கா."

"நானும் வரேன்," என்றாள் மஞ்சு. ரோடு மோசம், வயிற்றில் பிள்ளை என்று புஷ்பவல்லி சொன்னது எதுவும் எடுபடவில்லை. அவள் வேனில் ஏறிக் கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

முதல் கடையில் வெள்ளிக்கிழமை அப்படி யாரும் வரவில்லை. இரண்டாவது கடையில் வந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள். மூன்றாவது கடைக்காரன் போட்டோவைப் பார்த்து, மீசை நன்றாக இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்று யோசனை சொன்னான். நான்காவது கடை ராம்பிரவேஷ் என்ற ஐம்பது வயதுக்காரருடையது. ஒருவர் கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டிருந்தவர், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெள்ளியா? வெள்ளி நம்ம கடை லீவு பாய்யா. ஊர்க்காரன் வீட்ல கல்யாணம்."

ஐந்தாவது கடை பூட்டியிருந்தது.

மணி இரண்டு. ராம்பிரவேஷின் கடைக்குப் பக்கத்திலிருந்த டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். மஞ்சு டீயைத் தொடவில்லை. காலை நீட்டி, வீங்கிய பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிமளா தாளைக் கசக்கி மடியில் போட்டாள்.

"முதல்ல தமிழ்ல தப்பாப் படிச்சோம். இப்ப இந்தில தப்பாப் படிக்கிறோம். ஒன்பது வருஷம் என்னதான் இந்தி கத்துக்கிட்டு வந்த?"

"வண்டி ஓட்டுற இந்திக்கா. சீதா ஜாவ், பாயே மோடு, கல் ஆவ். நேரா போ, எடது பக்கம் திருப்பு, நாளைக்கு வா. நான் பேசுன இந்தியில இறந்த காலமே கெடையாது. முதலாளி நேத்து நடந்ததப் பத்தி டிரைவர்கிட்டப் பேச மாட்டான்." அவனுக்கும் எரிச்சல் வந்துவிட்டது. தாளைப் பிரித்து உரக்கவே படித்தான். "கல் நாயீ… பால் தியா. கல் நாயீ… பால் தியா. இதுல வேற என்ன இருக்கு? சொல்லுங்க!"

கடை வாசலில் துண்டை உதறிக்கொண்டிருந்த ராம்பிரவேஷின் கை நின்றது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யார் செத்தது?"

மஞ்சு நீட்டிய காலை இழுத்துக்கொண்டாள்.

"செத்ததா?" என்றாள் பரிமளா. "யாரும் சாகலிங்களே."

"பால் தியா சொன்னது யார்?" ராம்பிரவேஷ் தன் உடைந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். "சும்மா முடி வெட்டினா எங்க பக்கம் பால் கட்வாயா சொல்லும். பால் தியா, முடி குடுத்தாச்சு, அது செத்த வீடு. பத்தாம் நாள் அண்ணன், தம்பி, மகன் எல்லாம் நாயி முன்னால உக்காந்து மொட்டை போடும். பின்னால கொஞ்சம் குடுமி மட்டும் விடும்."

"நாளைக்குக் குடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு," என்றான் உபைத்.

"நாளைக்கு எப்படி? தியா. குடுத்தாச்சு. முடிஞ்சு போச்சு. அப்ப கல்-னா நேத்து."

"கல்னா நாளைக்குத்தானே?"

"நாளைக்கும் கல். நேத்தும் கல். ரெண்டும் ஒண்ணு."

"அல்லாவே," என்றான் உபைத். "ஒரு பாஷைல நேத்துக்கும் நாளைக்கும் ஒரே வார்த்தைய வெச்சா மனுஷன் எப்படித் துப்பறியிறது?"

பரிமளா ஏற்கெனவே எழுந்துவிட்டாள். போட்டோவை ராம்பிரவேஷின் கையில் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமையை விடுங்க. புதன்கிழம. புதன்கிழம இந்த ஆளு வந்தாரா?"

அவர் இப்போதுதான் போட்டோவை உற்றுப் பார்த்தார்.

"வந்தான். காலைல. மொட்டை, மீசை எல்லாம் எடுத்தது நான்தான். கத்தி வைக்க முடியல, அப்படி அழுதான். சோட்டா பாய், சோட்டா பாய்னு."

அது எந்த மொழியாக இருந்தாலும் மஞ்சுவுக்குத் தெரிந்த வார்த்தை. சுக்ராம் போனில் தம்பியைக் கூப்பிடும் வார்த்தை. அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பிர்ஜூவா? பிர்ஜூ ஊருக்குப் போயிருக்கான். ரயிலேத்தி விட்டதா முருகையன் சார் சொன்னாரு."

பரிமளா விரல் மடித்து எண்ணினாள். புதன்கிழமை பத்தாம் நாள் என்றால், சாவு அதற்கு முந்தின வாரம் திங்கட்கிழமை. பிர்ஜூ ஊருக்குப் போனதாகச் சொல்லப்படுவதும் அதே வாரம். வேஷம் மாற்றவில்லை. ஓடி ஒளியவும் இல்லை. காணாமல் போன ஆள் ஒருவன் என்று நினைத்து இரண்டு நாள் தேடியிருக்கிறாள். காணாமல் போனவன் வேறொருவன்.

"மௌத்தை, ஒரு சாவையே மறைச்சிருக்காங்கக்கா," என்றான் உபைத். அவன் குரலில் முதல் முறையாக விளையாட்டு இல்லை.

"அவரு இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?" என்று பரிமளா ராம்பிரவேஷைக் கேட்டாள்.

"இன்னிக்கு பதிமூணு. சாப்பாடு போடற நாள். என்னையும் கூப்பிட்டான், கஸ்டமர் இருந்தது, போகல." ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். "பழைய அரிசி ஆலை. நம்ம ஊர்க்காரன் பத்துப் பேர் அங்க தங்கறது."

நடந்தே போகக்கூடிய தூரம். இரண்டு நாளாக முப்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குத் தூசி தின்றதை நினைத்துப் பரிமளாவுக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. அறை வாங்க வேண்டியவள் அவளேதான் என்பதால் பேசாமல் நடந்தாள்.

ஆலையின் தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து இலையில் சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மொட்டைத் தலைக்காரன் குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தான். வாசலில் மஞ்சுவைப் பார்த்ததும் கரண்டி கையிலிருந்து விழுந்தது.

"நீ ஏன் வந்த? வெளிய போ மஞ்சு. வயித்துல பிள்ளை. துக்கத்துக்கு வரக் கூடாதுன்னு உங்க அம்மாதான சொன்னாங்க."

"அதுக்காகத்தான் வூட்டுக்கு வரலியா?"

"உனக்குத் தெரிய வேணாம்னு இருந்தேன். பிள்ளை பொறக்கட்டும்னு இருந்தேன். அப்புறம் தாங்கல, அக்காவுக்குப் போன் பண்ணேன். தமிழ் வாயில வரல."

மஞ்சு உள்ளே போய்விட்டாள். மொட்டைத் தலையைத் தொட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சுக்ராம் சொன்னது சுருக்கம். அந்தத் திங்கட்கிழமை மஞ்சுவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக அவன் லீவு போட்டிருந்தான். மத்தியானம் சுரங்கத்துக்குள் லாரி பின்னோக்கி வந்ததில் பிர்ஜூ நசுங்கிவிட்டான். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை. மறுநாள் கேட்டபோது, தம்பி ஊருக்குப் போய்விட்டான் என்றார் முருகையன். பிர்ஜூவின் போன் அணைந்து கிடந்தது. ஊரில் அம்மா, அவன் வரவே இல்லை என்றாள். ஒரு வாரம் அலைந்த பிறகு, செவ்வாய்க்கிழமை உடன் வேலை பார்த்தவன் ஒருவன் வாயைத் திறந்தான். அவன் இப்போது அதே வரிசையில் இலை முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"பழைய குழியில போட்டு மண்ணு தள்ளிட்டாங்க," என்றான் சுக்ராம். "மூஞ்சி பாக்காம பால் குடுத்தேன் மேடம். மூஞ்சி பாக்கல."

"போலீசுக்குப் போனீங்களா?"

"போனா மீதிப் பத்துப் பேருக்கும் வேலை இருக்காதுன்னு சொன்னாங்க."

பரிமளா அந்த வரிசையைப் பார்த்தாள். யாரும் நிமிரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவள் கண்டுபிடித்ததெல்லாம் ஒரு கல்யாணத்தை நிறுத்துவதோடு முடிந்துவிடும். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. என்ன செய்யச் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் மஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. உங்களுக்குத் தம்பின்னா எனக்குக் கொழுந்தன். நான் எழுதிக் குடுக்கிறேன் கம்ப்ளெயிண்ட்டு."

வேன் கிளம்பும்போது இலையிலிருந்து எழுந்து ஓடிவந்து ஏறிக்கொண்டான் அந்த உடன் வேலை பார்த்தவன். கைகூடக் கழுவவில்லை.

காவல் நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் எஸ்.ஐ. கூப்பிட்டார். மஞ்சு எழுதியதைப் படித்தார். இரண்டாம் முறை படித்தார்.

"பாடி இல்ல. தேதி சொல்றீங்க, பாத்தேன்னு ஒரு ஆளு சொல்றான். அந்தப் பக்கம் ஆளு ஊருக்குப் போயிட்டான்கிறாங்க. நான் எத நம்பிக் குழியத் தோண்டுறது?"

"அவங்க சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா தோண்டுவீங்களா சார்?" என்றாள் பரிமளா. "ஊர்ல அம்மா இருக்காங்க. வந்தானா வரலியான்னு கேளுங்க. ஸ்பீக்கர்ல போட்டுக் கேளுங்க."

எஸ்.ஐ. தலையசைத்தார். உபைத்தின் போனில் சுக்ராம் எண்ணை அழுத்தினான். மறுமுனையில் ஒரு வயதான பெண் குரல் எடுத்தது. சுக்ராம் வாயைத் திறந்தான். 'மாயி' என்று ஒரு வார்த்தை வந்தது. அடுத்தது வரவில்லை. பதிமூன்று நாள் கழிந்தும் அம்மாவுக்கு அவன் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

உபைத்துக்கு வண்டி ஓட்டும் இந்திதான் தெரியும். மஞ்சு இந்த மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டது அடுப்படிக்குள் அடங்கிவிடும். இருந்தும் அவள் போனை வாங்கினாள்.

"பிர்ஜூ வூட்டுக்கு வந்தானா அம்மா? கர் ஆயா?"

"நஹி பேட்டி," என்றது குரல். பிறகு படபடவென்று ஏதோ கேட்டது. மறுபடி கேட்டது. அந்தக் கேள்வி யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் இருந்தது.

மஞ்சு உபைத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். சுக்ராம் சுவரோடு திரும்பி நின்றிருந்தான்.

"பிர்ஜூ இல்லம்மா," என்று தமிழிலேயே சொன்னாள் மஞ்சு. "நம்ம பிர்ஜூ இல்ல."

மறுமுனையில் எழுந்த ஓலத்தில், வாசலில் நின்ற ஏட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

எஸ்.ஐ. ஸ்பீக்கரை அணைக்கவில்லை. புதுத் தாள் ஒன்றை இழுத்து, பேனாவைத் திறந்தார். சுக்ராமுடன் வந்தவனைக் கிட்டே வரச் சொன்னார்.

"குழி எந்தப் பக்கம்? காட்டுவியா?"

"காட்டறேன் சாப்."

ஞாயிற்றுக்கிழமை முருகையனை அவர் வீட்டிலேயே பிடித்தார்கள். காண்டிராக்டர் அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தார். திங்கட்கிழமை காலை தாசில்தார் முன்னிலையில் பழைய குழியின் வடக்கு ஓரத்தைத் தோண்ட ஆரம்பித்தார்கள். மஞ்சு வரக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் வேனுக்குள் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உபைத் அவளுக்கு வெயில் படாமல் கதவருகே நின்றான். பரிமளா குழியின் விளிம்பில் சுக்ராமின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குப் பிர்ஜூ கிடைத்தான். அண்ணன், தம்பியின் முகத்தைப் பார்த்தான்.